மெஷின்ஸ் பேப்பரில் நான் தொலைத்த ஒன்றரை வருடம்

எலெக்ட்ரிக்கல் படித்தவர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் மெஷின்ஸ் பேப்பருக்கு, அதாவது டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார் பற்றிய தேர்வுக்கு, வந்து நிற்கும். "நீ எத்தனை அட்டெம்ப்ட்?" என்பதுதான் முதல் கேள்வி. என் கணக்கு நாலு. 2013 ஏப்ரலில் முதல் தடவை எழுதியதை 2014 நவம்பரில்தான் பாஸ் செய்தேன். கையை விட்டுப் போன பணத்தை ஒருநாள் நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். கிராஷ் கோர்ஸுக்கு 8,500. திரும்பத் திரும்பக் கட்டிய தேர்வுக் கட்டணம், விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு எல்லாம் சேர்த்து 2,600. லேபில் எரித்த மீட்டருக்கு என் பங்கு 1,100. ஆக 12,200 ரூபாய். அப்பா தாராபுரம் பக்கத்தில் இரண்டரை ஏக்கரில் வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறவர். அந்தப் பணத்துக்கு அவர் எத்தனை நாள் வெயிலில் நிற்கவேண்டும் என்று தெரிந்தும் தொலைத்தேன். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு, அதை அப்புறம் சொல்கிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. இயற்பியலில் நல்ல மார்க். மின்காந்தத் தூண்டல் எனக்குப் பிடித்த பாடமும்கூட. 1831-இல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் ஒரு பக்கம் ஒரு சுருளும் மறுபக்கம் இன்னொரு சுருளும் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைப் போட்டு நிறுத்தும்போதெல்லாம் மற்றொன்றில் ஊசி துள்ளியதைக் கண்டாரே, அதை நான் வகுப்பில் எழுந்து நின்று விளக்கியிருக்கிறேன். முதன்மைச்சுருள், துணைச்சுருள், காந்தப்பாயம், மின்னியக்கு விசை எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. கல்லூரியில் இரண்டாம் வருடம் மெஷின்ஸ் வகுப்பில் 'ஃப்ளக்ஸ் லிங்கேஜ்', 'இண்டியூஸ்டு இஎம்எஃப்', 'மியூச்சுவல் இண்டக்டன்ஸ்' என்று பலகையில் வரிசையாக வந்தபோது, இதெல்லாம் ஏதோ புதுச் சரக்கு என்றே நினைத்துக்கொண்டேன். எனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம் பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. தமிழ்வழியில் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பழைய இயற்பியல் புத்தகத்தை எடைக்குப் போடாதீர்கள். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, இந்தப் பக்கம் ஃப்ளக்ஸ், அந்தப் பக்கம் காந்தப்பாயம், இந்தப் பக்கம் ஹிஸ்டரிசிஸ், அந்தப் பக்கம் காந்தத் தயக்கம், இந்தப் பக்கம் எடி கரண்ட், அந்தப் பக்கம் சுழல் மின்னோட்டம் என்று எழுதுங்கள். ஒரு மாலை நேர வேலைதான். சொல்லப்போனால் 'தயக்கம்' என்ற சொல் ஆங்கிலத்தைவிடத் தெளிவு. புலம் திசை மாறும்போதெல்லாம் இரும்பு உடனே பின்னால் போகாமல் தயங்குகிறது, அந்தத் தயக்கத்துக்குக் கொடுக்கும் விலைதான் இழப்பு. இது புரிந்தவனுக்கு அந்தக் கேள்விக்கு மனப்பாடம் தேவையில்லை.

அதே செமஸ்டரில்தான் லேபும் இருந்தது. 2 கேவிஏ, 230/115 வோல்ட் சிங்கிள் பேஸ் டிரான்ஸ்ஃபார்மர். முதலில் ஓப்பன் சர்க்யூட் டெஸ்ட், அடுத்தது ஷார்ட் சர்க்யூட் டெஸ்ட். முதல் டெஸ்டில் 115 வோல்ட் பக்கம் முழு வோல்டேஜ் கொடுத்து, 230 பக்கத்தைத் திறந்து விட்டு அளவெடுத்தோம். ஊசிகள் அழகாக நின்றன. அளவுகளை எழுதிக்கொண்டு, சப்ளையை நிறுத்தி, வயர்களை மாற்றி இரண்டாவது டெஸ்டுக்குத் தயாரானோம். இப்போது 115 பக்கம் ஷார்ட், சப்ளை 230 பக்கம். சுவிட்சைப் போட்டது நான். டப் என்று ஒரு சத்தம், அம்மீட்டர் ஊசி கடைசிக்குப் போய் வளைந்து ஒட்டிக்கொண்டது, வாட்மீட்டரிலிருந்து லேசாகப் புகை. வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரின் (வேரியாக்) குமிழ் முந்தின டெஸ்டில் நின்ற 115-லேயே நின்றிருக்கிறது. போதாக்குறைக்கு ஃப்யூஸ் கட்டையில் யாரோ புண்ணியவான் தடித்த கம்பியைப் போட்டு வைத்திருந்தார். மீட்டர் செலவு 4,400 ரூபாய், பேட்சில் நாலு பேர், தலைக்கு 1,100.

என்ன வேடிக்கை என்றால், 'ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் மினிமம் பொசிஷனில் இருக்க வேண்டும்' என்ற வரியை ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் நான் எழுதியிருக்கிறேன், சீனியர் நோட்டைப் பார்த்து. எழுதிய கை வேறு, சுவிட்ச் போட்ட கை வேறு. அந்த டிரான்ஸ்ஃபார்மரின் 230 பக்கத்து முழு மின்னோட்டம் 8.7 ஆம்பியர். ஷார்ட் செய்த நிலையில் அவ்வளவு ஓட 11 அல்லது 12 வோல்ட் போதும். நான் கொடுத்தது அதைப் போலப் பத்து மடங்கு. அதாவது கணக்குப்படி 87 ஆம்பியர், அதுவும் 10 ஆம்பியர் மீட்டரில். இந்தக் கணக்கு அரை நிமிட வேலை. அதைச் சுவிட்ச் போடுவதற்கு முன்னால் போடாமல், எரிந்த ஆறு மாதம் கழித்து விடுதியில் போட்டேன். லேபுக்குப் போகிறவர்கள் போகும் முன்பே மூன்று எண்களைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள்: இரண்டு பக்கத்து முழு மின்னோட்டம், இந்த டெஸ்டுக்கு எதிர்பார்க்கும் வோல்டேஜ், அதற்கேற்ற மீட்டர் ரேஞ்ச். ஓப்பன் சர்க்யூட்டில் ஏன் எல்பிஎஃப் (குறைந்த பவர் ஃபேக்டர்) வாட்மீட்டர் என்பது வைவாவில் தவறாமல் வரும். சுமை இல்லாமல் ஓடும் டிரான்ஸ்ஃபார்மர் இழுப்பது பெரும்பாலும் காந்தமாக்கும் மின்னோட்டம், பவர் ஃபேக்டர் மிகக் குறைவு, சாதாரண வாட்மீட்டரில் ஊசி நகர்ந்ததே தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரியாமல் நான் தலையைக் குனிந்து நின்ற நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தியரிக்கு வருவோம். முதல் தடவை எப்படிப் படித்தேன் என்றால், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாகப் போடும் எளிய மின்சுற்றுப் படமான ஈக்விவலண்ட் சர்க்யூட்டைக் கோலம் மாதிரி மனப்பாடம் செய்தேன். புள்ளி எங்கே, கோடு எங்கே என்று தெரியும். எதற்கு என்று தெரியாது. வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் அம்புகளாகக் காட்டும் ஃபேசர் டயகிராமையும் அப்படியே, லேகிங் என்றால் இந்தப் பக்கம் சாய்வு, லீடிங் என்றால் அந்தப் பக்கம் சாய்வு என்று படமாக மனத்தில் ஒட்டிவைத்தேன். தேர்வில் படம் வந்தது. போட்டேன். கீழே 'விளக்குக' என்று இருந்தது. படத்துக்கு அடியில் நான் எழுதிய நாலு வரியும் படத்தையே திருப்பிச் சொல்வதாக இருந்தன. ஃபெயில். அப்பாவிடம் "ரிசல்ட் இன்னும் வரலைப்பா" என்று இரண்டு வாரம் ஓட்டினேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மகனும் அதே கல்லூரி, அவன் வழியாகத் தெரிந்துவிட்டது. அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டாம் தடவைக்குத்தான் கிராஷ் கோர்ஸ். பதினைந்து நாள், ஞாயிற்றுக்கிழமை உட்பட. நாற்பது கணக்குகள் அடங்கிய ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் கொடுத்து, இதைத் தாண்டி வராது என்றார்கள். வந்ததும் அந்தக் கணக்குகளின் சாயல்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் என்னைக் கவிழ்த்தது ஓர் எழுத்து. கல்லூரி நோட்ஸில் 'கே' என்றால் செகண்டரி (துணைச்சுருள்) சுற்று எண்ணிக்கையைப் பிரைமரி (முதன்மைச்சுருள்) சுற்று எண்ணிக்கையால் வகுத்தது. நம்மூர்ப் புத்தகங்கள் பலவற்றிலும் இப்படித்தான். கோர்ஸ் நோட்ஸில் வெளிநாட்டுப் புத்தகங்களைப் போல 'ஏ' என்று போட்டு, பிரைமரியைச் செகண்டரியால் வகுத்திருந்தார்கள். ஒன்றில் கேயின் இருமடியால் வகுக்கவேண்டும், இன்னொன்றில் ஏயின் இருமடியால் பெருக்கவேண்டும், இரண்டும் ஒரே விடையைத் தரும். நான் எழுத்தை ஒன்றிலிருந்தும் செய்கையை மற்றொன்றிலிருந்தும் எடுத்தேன். 2,200/220 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் தாழ்வழுத்தப் பக்கத்து 0.02 ஓமை உயரழுத்தப் பக்கத்துக்கு மாற்றினால் 2 ஓம் வரவேண்டும். நான் எழுதியது 0.0002. அதிலிருந்து ரெகுலேஷன் தப்பு, எஃபிஷியன்சி தப்பு, 16 மார்க் கேள்வியில் கிடைத்தது மூன்று.

மூன்றாம் தடவை தோற்றபின் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோதுதான், இதே பிழையை இரண்டு தடவையும் செய்திருப்பேன் என்று உறைத்தது. நகல் வாங்க மனசே வரவில்லை. தோற்ற தாளைப் பணம் கொடுத்து வாங்கிப் பார்ப்பானேன் என்று இருந்தது. இப்போது சொல்கிறேன், தோற்றால் மறுமதிப்பீட்டுக்கு ஓடுவதற்கு முன்பு நகலை வாங்கி, ஒரு சிவப்புப் பேனாவோடு நீங்களே திருத்துங்கள். எனக்கு மறுமதிப்பீட்டில் ஒரு மார்க்கும் ஏறவில்லை. நகலில் கிடைத்த பாடம்தான் காப்பாற்றியது. அதிலிருந்து நான் கே, ஏ எதையும் நம்புவதில்லை. உயரழுத்தப் பக்கத்தில் சுற்று அதிகம், கம்பி மெல்லிசு, அதனால் மின்தடை அங்கேதான் அதிகமாக இருக்கவேண்டும். மாற்றிப் போட்ட விடை அந்தப் பக்கம் பெரிதாகவும் இந்தப் பக்கம் சிறிதாகவும் வருகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். சூத்திரம் மறந்தாலும் இது மறக்காது.

இப்போது அந்தப் பெரிய நஷ்டம். 2014 ஆகஸ்டில் வளாக நேர்காணலுக்கு ஒரு கம்பெனி வந்தது. மோட்டார், டிரைவ் தயாரிக்கிற கம்பெனி, வருடம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அறிவிப்புப் பலகையில் முதல் வரியே 'ஸ்டாண்டிங் அரியர் இல்லாதவர்கள் மட்டும்'. எனக்கு இருந்தது ஒரே ஓர் அரியர். என் அறையில் இருந்த மூவரும் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார்கள். டை கட்டத் தெரியாத ஒருவனுக்கு நான்தான் கட்டிவிட்டேன். மூவரில் இருவருக்குக் கிடைத்தது. அன்று ராத்திரி அவர்கள் பரோட்டா வாங்கிக்கொடுத்தார்கள். நன்றாகச் சாப்பிட்டேன், பிறகு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அரியர் வைத்திருக்கிற தம்பிகளுக்குச் சொல்வது, ஆறாவது செமஸ்டர் முடிவதற்குள் எப்படியாவது முடித்துவிடுங்கள். ஏழாவதில் முடித்தாலும் பட்டம் ஒன்றுதான், ஆனால் வாசலில் வந்த வண்டி போய்விட்டிருக்கும்.

அந்த அக்டோபரில் ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போனேன். கிணற்று மோட்டார் இரண்டு நாள் முன்பே கருகிக் கிடந்தது. வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை, அதனால் மோட்டாரைத் தாராபுரத்துக்குக் கொண்டுபோகிற வேலை என் தலையில். பூஜையில் வைத்த சாமான்களை மறுநாள்தான் எடுப்பார்கள் என்பதால் அன்று வீட்டிலேயே இருந்தேன். சாயங்காலம் தங்கை இயற்பியல் புத்தகத்தோடு வந்தாள். அவளும் பன்னிரண்டாம் வகுப்பு, தமிழ்வழி. "அண்ணா, துணைச்சுருள்ல லைட்டு போட்டா முதன்மைச்சுருள் அதிகமா மின்னோட்டம் எடுக்குதுன்னு போட்டிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒயரே இல்லை. அப்புறம் துணைச்சுருள்ல நடக்கறது முதன்மைச்சுருளுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். மூன்று தடவை அந்தப் பேப்பரை எழுதியவன். ஈக்விவலண்ட் சர்க்யூட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அவள் கேட்ட கேள்வியை ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. "நாளைக்குச் சொல்றேன் போ" என்று சமாளித்தேன்.

மறுநாள் ரீவைண்டிங் கடை. மேஸ்திரிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். எட்டாவதோடு நிறுத்தியவர் என்று அவரே சொன்னார். மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்ததும், "ரெண்டு பேஸ்ல ஓட்டியிருக்கறாங்க தம்பி. வீட்ல யாரு, அப்பாங்களா?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பாருங்க, ரெண்டு பேஸ் காயில் கரியாப் போச்சு, மூணாவது அப்படியே செம்பு மாதிரி மின்னுது. ஸ்டார் கனெக்சன்ல ஒரு பேஸ் வராம ஓடினா இப்படித்தான். டெல்டாவா இருந்திருந்தா ஒண்ணு கருகி ரெண்டு தப்பிச்சிருக்கும்." மூன்று சுருள்களின் ஒரு முனையை ஒன்றாகக் கட்டுவது ஸ்டார், மூன்றையும் முக்கோணமாகக் கோப்பது டெல்டா. ஸ்டாரில் ஒரு லைன் போய்விட்டால் மிச்சமிருக்கிற இரண்டு சுருள்களும் வரிசையாகச் சேர்ந்து மொத்த மின்னோட்டத்தையும் சுமக்கின்றன, மூன்றாவதில் ஒன்றும் ஓடாது. டெல்டாவில் முழு வோல்டேஜ் கிடைக்கிற ஒரு சுருளே பெரும்பங்கைத் தாங்கும். நான் தாளில் போட்ட ஸ்டார் டெல்டா படங்கள் எத்தனை! அதைக் கரியில் பார்த்தது அன்றுதான்.

மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கருகிய கம்பியை வெட்டி இழுத்து, ஒரு காயிலில் எத்தனை சுற்று என்று எண்ணி, கேஜ் பார்த்து எழுதிக்கொண்டார்கள். 24 ஸ்லாட் (கம்பி இறங்கும் குழி), 2 போல் (காந்தத் துருவம்). சுற்றிய காயில்களை இறக்கும்போது மேஸ்திரி பையனிடம், "ஒண்ணு, ஒம்பது, பதினேழு, மறந்துராதே" என்றார். ஒன்றாம் ஸ்லாட்டில் முதல் பேஸ் ஆரம்பித்தால் ஒன்பதில் இரண்டாவது, பதினேழில் மூன்றாவது. நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். முழுவட்டம் 360 டிகிரி, 24 ஸ்லாட், ஸ்லாட்டுக்கு 15 டிகிரி. எட்டு ஸ்லாட் தள்ளினால் 120. வகுப்பில் 'ஸ்பேஸ் டிஸ்ப்ளேஸ்மெண்ட்' என்று பயமுறுத்திய அந்த 120 டிகிரி, விரலால் எட்டுக் குழி எண்ணித் தள்ளுவதுதான். மோட்டாரின் தகட்டில் 2,880 என்று வேகம் போட்டிருந்தது. 50 ஹெர்ட்ஸில் இரண்டு போல் என்றால் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றுகிறது, ரோட்டார் 120 பின்தங்குகிறது, ஸ்லிப் 4 சதவீதம். புத்தகத்தில் இருந்த கணக்கு அந்த அழுக்குத் தகட்டில் பொறித்துக் கிடந்தது.

என்னைப் புரட்டிப் போட்டது மோட்டார் இல்லை, பக்கத்து மேஜையில் சுற்றிக்கொண்டிருந்த ஸ்டெபிலைசர் டிரான்ஸ்ஃபார்மர். மேஸ்திரி ஸ்டாம்பிங் எனப்படும் இரும்புத் தகடுகளின் அடுக்கின் அகலத்தையும் கனத்தையும் சென்டிமீட்டரில் அளந்தார். நாலுக்கு நாலு, 16. சின்னக் கால்குலேட்டரில் 45-ஐ 16-ஆல் வகுத்தார், 2.81. "ஒரு வோல்ட்டுக்கு இத்தனை டர்ன்ஸ்" என்று சொல்லி 230-ஆல் பெருக்கி, 647 வந்ததும் "650 போட்டுக்கலாம்" என்றார். 45 எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "எனக்குத் தொழில் கத்துக்கொடுத்தவரு சொன்னாருங்க" என்றார். கம்பி இந்த விலை விற்கிறதே, 400 சுற்றோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். சிரித்தார். "லோடே போட வேண்டாம் தம்பி. சும்மா கரண்ட் கொடுத்து வச்சாலே உறுமும், சூடாகும், சாயங்காலத்துக்குள்ள வாசம் வந்துரும்."

பஸ்ஸில் வரும்போது அந்த 45 மண்டையைக் குடைந்தது. டிக்கெட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மரின் இஎம்எஃப் சமன்பாடு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: 4.44-ஐ அதிர்வெண், சுற்றுகளின் எண்ணிக்கை, ஃப்ளக்ஸின் உச்ச அளவு மூன்றாலும் பெருக்கவேண்டும். அதிர்வெண் 50. இரும்பில் காந்தப்பாய அடர்த்தி 1 டெஸ்லா என்று வைத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஃப்ளக்ஸ் பத்தாயிரத்தில் ஒரு வெபர். ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 0.0222 வோல்ட். அப்படியானால் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று? 45. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எட்டாவதோடு நிறுத்தியவர் நாற்பது வருடமாகக் கையாளும் எண்ணும், நான் மூன்று தடவை எழுதித் தோற்ற சமன்பாடும் ஒன்றே.

அதோடு தங்கையின் கேள்வியும் விழுந்தது. சமன்பாட்டை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். வோல்டேஜ் லைனிலிருந்து வருகிறது, நம் கையில் இல்லை. அதிர்வெண்ணும் அப்படியே. சுற்று, சுற்றி முடித்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது ஃப்ளக்ஸ் மட்டும், ஆகவே அதுவும் ஏறத்தாழ நிலையாகத்தான் இருந்தாகவேண்டும். லோடு போட்டால் ஃப்ளக்ஸ் ஏறும் என்று மூன்று தேர்விலும் எழுதியவன் நான். உண்மையில் துணைச்சுருளில் மின்னோட்டம் ஓடியதும் அது பாயத்தைக் குறைக்கப் பார்க்கிறது. பாயம் இம்மி குறைந்தால் முதன்மைச்சுருளின் எதிர் மின்னியக்கு விசையும் இம்மி குறையும். அந்த இடைவெளியில் லைனிலிருந்து கூடுதல் மின்னோட்டம் புகுந்து பாயத்தைப் பழைய இடத்துக்கே தூக்கிவிடுகிறது. தங்கையிடம் இதை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மிதவையை வைத்துச் சொன்னேன். குழாயைத் திறந்தால் மட்டம் ஒரு விரற்கடை இறங்கும், மிதவை தாழும், வால்வு திறக்கும், போனது வந்துவிடும். கீழே குழாய் திறந்ததை வால்வுக்கு யாரும் போய்ச் சொல்வதில்லை, மட்டம் சொல்கிறது. இங்கே மட்டம் காந்தப்பாயம். "இவ்வளவுதானா?" என்று அவள் போய்விட்டாள். எனக்கு ஒன்றரை வருடம் ஆன விஷயம்.

சுற்றைக் குறைத்தால் ஏன் உறுமுகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. சுற்று குறைந்தால் அதே வோல்டேஜுக்கு ஃப்ளக்ஸ் ஏறியாகவேண்டும், மேற்கொண்டு ஏற்க முடியாமல் இரும்பு செறிந்துவிடும், காந்தமாக்கும் மின்னோட்டம் தாறுமாறாக ஏறும். லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரும்பு இழப்பு ஒரே அளவு என்று புத்தகம் ஏன் சொல்கிறது என்பதும் இதிலேயே. என்னைக் கேட்டால் ஈக்விவலண்ட் சர்க்யூட்டைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் இந்த ஒன்றையே உருட்டவேண்டும். பாடத்திட்டம் அப்படி இல்லை, தெரியும். நீங்களாக உருட்டிக்கொள்ளுங்கள்.

ஊரில் இருந்த கடைசி நாள் எங்கள் தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மரின் தகட்டை வேலிக்கு வெளியே நின்று போனில் ஜூம் செய்து படம் எடுத்தேன். உள்ளே போகாதீர்கள், வேலியைத் தொடவும் வேண்டாம். 100 கேவிஏ, 11,000/433 வோல்ட், ஒரு பக்கம் 5.25 ஆம்பியர், மறுபக்கம் 133.3, இம்பிடன்ஸ் 4.5 சதவீதம், சுருள்களின் இணைப்பு முறையைச் சொல்லும் டிஒய்என் 11. அந்த 4.5 என்பது நான் மீட்டர் எரித்த அதே ஷார்ட் சர்க்யூட் டெஸ்டின் விடை. தாழ்வழுத்தப் பக்கத்தை ஷார்ட் செய்தால், 11,000 பக்கம் 495 வோல்ட் கொடுத்தாலே முழு மின்னோட்டம் ஓடிவிடும் என்று அர்த்தம். அதே 4.5 சதவீதத்தால் (0.045) 133.3-ஐ வகுத்தால் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்திலேயே ஷார்ட் ஆகும்போது ஏறக்குறைய 3,000 ஆம்பியர் பாயும் என்று வருகிறது. 433 ஏன் என்றால், அதை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 250. கம்பியில் வழிநெடுகக் குறைந்து கடைசி வீட்டுக்கு 230 பக்கம் போய்ச் சேர இடம் விட்டிருக்கிறார்கள். ஒரு தகடு, பாதி சிலபஸ். தேர்வுக்கு இருபது நாள் இருக்கிறவர்கள்கூட இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

மற்றபடி நவம்பர் தேர்வுக்கு நான் புதிதாக ஒன்றும் படிக்கவில்லை. பழைய கேள்வித்தாள்களை எடுத்து, ஒவ்வொரு கணக்கையும் போடும் முன் விடை எந்த அளவில் வரும் என்று உத்தேசமாக எழுதிவிட்டு அப்புறம் போட்டேன். உத்தேசமும் விடையும் பத்து மடங்கு விலகினால் நிறுத்திவிட்டுத் தேடினேன். டிசி மெஷின் யூனிட்டில் லேப் வைண்டிங், வேவ் வைண்டிங் என்ற இரண்டு விதச் சுற்றுமுறைக் குழப்பம் மட்டும் பாக்கி இருந்தது. லேப் வைண்டிங் என்றால் துருவம் எத்தனையோ அத்தனை இணைவழி, வேவ் என்றால் எப்போதும் இரண்டு, இதை மட்டும் வெட்கமில்லாமல் மனப்பாடம் செய்தேன். பாஸ். கிரேடு சுமார்தான்.

2015-இல் படிப்பு முடிந்து, கோவைப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பிரிவுக்கு நேர்காணல். அரியர் வரலாறு பற்றிக் கேட்டார்கள், மறைக்காமல் சொன்னேன். டெஸ்டிங்கைப் பார்க்கிற பெரியவர் மதிப்பெண் தாளை ஓரமாக வைத்துவிட்டு, "சுருளுக்குள்ள இன்சுலேஷனைச் சோதிக்க ரெண்டு மடங்கு வோல்டேஜ் கொடுப்போம் தம்பி. ஆனா 50 ஹெர்ட்ஸ்ல கொடுக்கறதில்லை, 100 ஹெர்ட்ஸ்ல ஒரு நிமிஷம் கொடுப்போம். ஏன்?" என்றார். எனக்கு ஸ்டெபிலைசர் மேஜைதான் கண்ணுக்கு வந்தது. வோல்டேஜை மட்டும் இரண்டு மடங்கு ஆக்கினால் ஃப்ளக்ஸும் இரண்டு மடங்கு ஆகவேண்டும், இரும்பு தாங்காது சார், அதிர்வெண்ணையும் இரண்டு மடங்கு ஆக்கினால் ஃப்ளக்ஸ் பழைய இடத்திலேயே நிற்கும் என்றேன். "எங்க படிச்சீங்க?" என்று கேட்டார். கல்லூரிப் பெயரைச் சொல்லிவிட்டு, தாராபுரத்து ரீவைண்டிங் கடையையும் சேர்த்துச் சொன்னேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். முதல் மாதச் சம்பளம் 9,000 ரூபாய், கிராஷ் கோர்ஸுக்குக் கட்டியதைவிட ஐந்நூறு அதிகம்.